பாத்திரத்துக்கு எடை மட்டும் போதுமா?

எங்கள் ஊரில் எவர்சில்வர் பாத்திரம் கிலோ கணக்கில்தான் விற்பனை. குடமோ, அண்டாவோ, அடுக்குச் சட்டியோ, எதுவானாலும் தராசில் ஏற்றி, அன்றைய விலையால் பெருக்கி பில் போடுவோம். டம்ளர், கரண்டி மாதிரிச் சின்னச் சாமான்களுக்கு மட்டும் பீஸ் கணக்கு. கும்பகோணத்தில் என் மாமனார் தொடங்கிய பாத்திரக் கடையை இன்று நான் நடத்துகிறேன். எடைக்கு விற்பது பித்தளையும் வெண்கலமும் அடுப்படியை ஆண்ட காலத்துப் பழக்கம். உலோகத்துக்கு உரிய மதிப்பு வாங்குகிறவர் கைக்குப் போய்ச் சேருகிறது. பழசைப் போட்டுப் புதுசு எடுக்கவும் முடிகிறது. இதில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு பட்டறைக்காரர் மெனக்கெட்டு யோசித்து, சொட்டாத மூக்கு ஒன்றைச் சட்டியில் வைத்தால், அந்த யோசனை தராசில் ஏறாது. மூக்கு இல்லாத சட்டிக்கும் அதே கிலோ விலைதான். பிறகு அவர் ஏன் யோசிக்கப் போகிறார்?

வாங்க வருகிறவர்களும் அதே கண்ணோடுதான் வருகிறார்கள். சுண்டித் தட்டி நாதம் கேட்பார்கள். கையில் தூக்கிக் கனம் பார்ப்பார்கள். காந்தம் கொண்டுவந்து ஒட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு. எல்லாமே உலோகத்துக்கு வைக்கும் பரீட்சை. பாத்திரத்துக்கு வைக்க வேண்டிய பரீட்சை வேறு: ஊற்றினால் வழிகிறதா, சூட்டோடு தூக்க முடிகிறதா, தேய்க்கும்போது அடிமூலைக்கு விரல் போகிறதா, ஒன்றுக்குள் ஒன்று உட்காருகிறதா. இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் அபூர்வம்.

அடுப்படிச் சாமான் வேலையைச் சரியாகச் செய்யவும் வேண்டும். கையில் எடுக்கும்போது மனசுக்குச் சந்தோஷமும் தர வேண்டும். இரண்டும் சேர்ந்த பொருள்களை நம் முன்னோர் நிறையவே செய்தார்கள். நம்மாலும் முடியும். அந்த யோசனைக்குக் காசு கொடுக்க மட்டும் நாம் பழக வேண்டும்.

அஞ்சறைப் பெட்டியின் கணக்கு

வட்டமான அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். நடுவில் ஒரு கிண்ணம், சுற்றி ஆறு. ஏழும் ஒரே அளவு. ஒரு வட்டத்தைச் சுற்றி அதே அளவுள்ள ஆறு வட்டங்கள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, மிகச் சரியாக உட்காரும். ஐந்து வைத்தால் ஆடும், ஏழாவதுக்கு இடமிருக்காது. இந்த வடிவியல் விதியால்தான் பெட்டியை அவசரமாக இழுத்தாலும் கிண்ணங்கள் நகராமல் நிற்கின்றன. எல்லாம் ஒரே அளவு என்பதால் எந்தக் கிண்ணத்தையும் எந்த இடத்திலும் வைக்கலாம். கடுகை நடுவில் வைப்பதா, மஞ்சளை வைப்பதா என்பது அந்தந்த வீட்டு இஷ்டம்.

இட்லித் தட்டில் குழிக்குள் இருக்கும் துளை ஆவி ஏறுவதற்கு. தட்டுகளை அடுக்கும்போது மேல்தட்டின் குழி கீழ்த்தட்டின் குழிக்கு நேர் மேலே வராதபடி திருப்பி வைக்கிறோம். மாவு உப்பி எழுந்தாலும் மேலே இடிக்காது. காபி டம்ளரின் விளிம்பு வெளிப்பக்கம் வளைந்திருப்பதால் தூக்கிக் குடிக்கலாம், விரலால் சூடில்லாமல் பிடிக்கலாம். டவராவின் அகலம் காபி ஆறுவதற்கு. குடித்து முடித்தபின் ஒன்று மற்றொன்றுக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

இந்திய அரசு அழைத்ததன் பேரில் 1958-ல் இங்கே வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் உருவானது. இந்தியாவில் தாங்கள் பார்த்து வியந்த பொருள்களில் லோட்டாவுக்கு, அதாவது நம் சொம்புக்கு, அந்த அறிக்கையில் தனி இடம் கொடுத்தார்கள். எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், எடுக்கிறவர் கை எவ்வளவு பெரியது, இடுப்பிலா தலையிலா சுமப்பார், நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் சாயாமல் நிற்குமா, உள்ளே கை விட்டுக் கழுவ முடியுமா, தரையில் வைத்தால் என்ன சத்தம் வரும் என்று ஒரு சொம்பைச் செய்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாக எழுதினார்கள். எந்தத் தனி மனிதரும் அந்தச் சொம்பை வடிவமைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பல கைகள் திருத்தித் திருத்திச் செய்தது என்பது அவர்கள் முடிவு. என் கடையில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதலில் இந்தக் கேள்விகளைத்தான் சொல்லித் தருகிறேன்.

பாலாடையைச் சொல்லாமல் விட முடியாது. கைக்குள் அடங்கும் சின்னக் கிண்ணம், ஒரு பக்கம் நீண்ட மூக்கு. பால் துளித்துளியாக, பிள்ளை விழுங்கும் வேகத்துக்கே போகும். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட, எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு உணவூட்டும் வழிகாட்டியில், கிண்ணத்தோடும் கரண்டியோடும் பாலாடையும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. பாட்டிமார் கையில் இருந்த சாமான், அந்த மூக்கு சரியாக அமைந்ததால், பச்சிளம் குழந்தைப் பிரிவுக்குள் போயிற்று.

பீஸ் கணக்கு கொண்டுவந்த மாற்றம்

எடைக்கு விற்காத பொருள்களில் என்ன நடந்தது என்று பார்த்தால் என் வாதம் விளங்கும். ஆட்டுக்கல்லில் கல் அசையாமல் இருக்கும். குழவியை நாம் சுற்றுவோம். 1955-ல் கோயம்புத்தூரில் பி. சபாபதி மாவரைக்கும் கிரைண்டரைக் கொண்டுவந்தார். கிரைண்டரில் கல் சுற்றுகிறது, குழவி நிற்கிறது. பார்த்தால் சின்னத் திருப்பம். எத்தனை பெண்களின் தோள்பட்டையை அது காப்பாற்றியிருக்கிறது! பிறகு மாவு வழிக்கச் சாய்க்கும் கிரைண்டர் வந்தது. மேடை மேல் வைக்கும் சின்னக் கிரைண்டர் வந்தது. தேங்காய் துருவும் பாகமும், சப்பாத்தி மாவு பிசையும் பாகமும் கூடவே வந்தன. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கிரைண்டரை யாரும் கிலோ விலை கேட்டு வாங்குவதில்லை. பிரஷர் குக்கரும் அப்படித்தான்: லிட்டர் கணக்கு, பிராண்ட் கணக்கு. மூடி உள்ளே பொருந்துவதா, வெளியே பொருந்துவதா என்று கம்பெனிகள் போட்டி போட்டன. யோசனைக்கு விலை இருந்த இடத்தில் யோசனை வளர்ந்தது. சட்டியும் தூக்குவாளியும் அண்டாவும் மட்டும் தராசிலேயே தங்கிவிட்டன.

சொட்டும் விளிம்பு

கடையில் நான் அதிகம் கேட்கும் புகார் ஒன்று. ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் பால் பாத்திரம் எடுக்க வந்தார். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இதுல பால் ஊத்துனா நேரா டம்ளர்ல விழுமா, இல்ல பாத்திரத்தோட முதுகுல வழியுமா?” என்று கேட்டார். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஊற்றிப் பார்த்தோம். வேகமாகச் சாய்த்தால் நேராக விழுந்தது. மெல்லச் சாய்த்தபோது விளிம்பைச் சுற்றிக்கொண்டு, அடிவரை வழிந்து, அவர் புறங்கையை நனைத்தது. “நான் மெதுவாத்தாம்மா ஊத்துவேன். கை நடுங்குது” என்றார். வரிசையாக எடுத்து ஊற்றிப் பார்த்து, கடைசியில் வேறொரு பாத்திரம் வாங்கிப் போனார்.

இதற்குக் காரணம் இருக்கிறது. திரவம் உருண்டையான விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். வேகம் குறைந்தால் அந்த ஒட்டுதல் ஜெயித்துவிடும். தேநீர்க் கெண்டியில் நடக்கும் இந்த வழிசல் அறிவியலாளர்களுக்கும் நெடுநாள் புதிராக இருந்தது. வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2021-ல் அதற்கு முழுமையான கணித விளக்கம் கொடுத்தது. மெல்லிய, கூரான விளிம்பில் திரவம் அறுந்து விழும். ஆனால் எவர்சில்வர் தகட்டைக் கூராக விட்டால் கையை வெட்டும். அதனால்தான் பட்டறையில் விளிம்பைச் சுருட்டி மடிக்கிறார்கள். கை தப்பிக்கிறது, பால் வழிகிறது. இதற்கு வழி கஷ்டமானதல்ல. சுற்றிலும் மடித்த விளிம்பை வைத்துக்கொண்டு, ஒரே ஓர் இடத்தில் மட்டும் மூக்கை இழுத்து, அதன் நுனியை மெல்லிதாக்கிக் கீழ்நோக்கி வளைத்துவிட்டால் போதும். வழியப் பார்க்கும் பால் அந்த வளைவில் மேலே ஏற முடியாமல் அறுந்துவிடும்.

ஜப்பானியர்கள் இந்த ஒரு பிரச்சினைக்காகவே உழைத்திருக்கிறார்கள். கென்ஜி எகுவான் என்ற வடிவமைப்பாளர் கிக்கோமன் நிறுவனத்துக்காக 1961-ல் ஒரு சோயா சாஸ் குப்பியை உருவாக்கினார். மூன்று ஆண்டு வேலை; நூறு மாதிரிகளுக்கு மேல் செய்து பார்த்தார். அம்மா பெரிய பாட்டிலைத் தூக்கிச் சின்னதில் ஊற்றச் சிரமப்பட்டதைச் சிறுவயதில் பார்த்தவர் அவர். பின்னாளில் புல்லட் ரயில் வடிவமைப்பிலும் பங்கேற்றார். அந்தக் குப்பியின் சிவப்பு மூடியில் எதிரெதிராக இரண்டு துளைகள். ஒன்றில் சாஸ் வரும், மற்றொன்றில் காற்று போகும். காற்றுத் துளையை விரலால் மூடினால் ஓட்டம் நின்றுவிடும். சாப்பாட்டு மேசையில் குழந்தைகூட ஒரு துளி, இரண்டு துளி என்று எண்ணி விடலாம். விளையாட்டும் ஆச்சு, சாஸும் வீணாகவில்லை. நம் வீட்டு எண்ணெய்த் தூக்கின் அடியில் பிசுபிசுப்புக்காக ஒரு தட்டு வைத்திருக்கிறோமே, அந்தத் தட்டுக்கு வேலை இல்லாமல் செய்ய இந்த இரண்டு துளையே போதும்.

வலுவில்லாத கைக்காக

அமெரிக்காவில் சமையல் சாமான் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றிருந்த சாம் ஃபார்பர், தன் மனைவி பெட்ஸி மூட்டுவலிக் கையோடு தோல் சீவச் சிரமப்படுவதைப் பார்த்தார். ஸ்மார்ட் டிசைன் என்ற வடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து 1990-ல் ஆக்ஸோ குட் கிரிப்ஸ் வரிசையைக் கொண்டுவந்தார். பருத்த, நீள்வட்டமான கறுப்பு ரப்பர் கைப்பிடி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் படும் இடத்தில் மீன் செதில் போல நெகிழும் மெல்லிய மடிப்புகள். ஈரக்கையிலும் வழுக்காது. மூட்டுவலிக்காரருக்கென்று செய்த பொருளை எல்லோரும் வாங்கினார்கள். வலுவற்ற கைக்குச் சுகமானது வலுவான கைக்கும் சுகம்தானே!

நம் இடுக்கியை எடுத்துக்கொள்வோம். கைப்பிடி இல்லாத சட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கலாம்; எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இடுக்கி. கழற்றி மாட்டும் கைப்பிடி என்று டெஃபால் நிறுவனம் இன்று உலகம் முழுவதும் விற்கும் அதே யோசனைதான். ஆனால் நம் இடுக்கி இன்னும் பழைய வெறுங்கம்பியாகவே இருக்கிறது. கொதிக்கும் சாம்பாரைச் சட்டியோடு தூக்க, பிடி விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அறுபது வயதுக்கு மேல் எத்தனை பேருக்கு அந்தப் பிடி இருக்கும்? இடுக்கியின் கையை இன்னும் கொஞ்சம் நீட்டி, பிடிக்கும் இடத்தில் ரப்பர் உறை போட்டு, அமுக்கியபின் பூட்டிக்கொள்ளும் ஒரு கொக்கி வைத்தால், அதை வீட்டுக்கு வீடு வாங்குவார்கள். எடைக்கு நான் விற்க மாட்டேன். நல்ல விலைக்கு விற்பேன்.

விளையாட்டுக்கும் வேலை உண்டு

அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமானில் குடமும் அம்மியும் ஆட்டுக்கல்லும் வைத்து விளையாடி வளர்ந்தவர்கள் நாம். முறுக்கு அச்சில் தட்டை மாற்றினால் தேன்குழல், இன்னொன்று போட்டால் ரிப்பன், வேறொன்றில் நட்சத்திரம். ஒரே குழல், பல முகம். விளையாட்டு நம் அடுப்படிக்குப் புதிதல்ல. ஆனால் எந்த விளையாட்டு வேண்டும் என்பதில் எனக்குக் கறாரான அபிப்பிராயம் உண்டு.

இத்தாலியின் அலெஸ்ஸி நிறுவனம் வெளியிட்ட மூன்று பொருள்களை வைத்துச் சொல்கிறேன். ரிச்சர்ட் சாப்பர் 1983-ல் செய்த கெட்டிலில் பித்தளைக் குழல்கள். தண்ணீர் கொதித்தால் இரண்டு சுரம் சேர்ந்து ஒலிக்கும். மைக்கேல் கிரேவ்ஸ் 1985-ல் செய்த கெட்டிலின் மூக்கில் ஒரு சின்னப் பறவை. ஆவி வந்தால் அது கூவும். இரண்டிலும் விளையாட்டு வேலைக்குள்ளேயே இருக்கிறது. கொதித்துவிட்டது என்று சொல்ல எப்படியும் ஒரு சத்தம் வேண்டும். அது இனிமையாக இருக்கட்டுமே. மூன்றாவது, ஃபிலிப் ஸ்டார்க் 1990-ல் செய்த எலுமிச்சைப் பிழிவான். மூன்று நெட்டைக் கால்களில் நிற்கும் அலுமினிய விந்தை. உலகப் புகழ் பெற்றது. ஆனால் அதில் விதையைத் தடுக்க வடிகட்டி கிடையாது. பிழிந்தால் சாறும் விதையும் சேர்ந்தே டம்ளருக்குள் விழும். அலமாரியில் வைத்து ரசிக்க அழகான பொருள். ரசத்துக்கு எலுமிச்சை பிழிய நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். வேலையைக் கெடுக்கும் விளையாட்டு அடுப்படிக்கு ஆகாது.

நம் பட்டறைகளில் இப்போதே செய்யக்கூடிய சில யோசனைகள் எனக்கு உண்டு. சட்டிகளின் வெளிப்பக்கத்தில் அழகுக்காகக் கடைசலில் வரி இழுக்கிறார்கள். அந்த வரிகளையே அளவாக்குங்கள்: முதல் வரி கால் லிட்டர், அடுத்தது அரை லிட்டர், அதற்கடுத்தது ஒரு லிட்டர். உள்ளேயும் லேசாகத் தெரியும்படி அமுக்கிவிட்டால், சமைக்கக் கற்கும் பிள்ளைகள் தண்ணீர் அளக்கத் தனிப் பாத்திரம் தேட வேண்டாம். எப்படியும் இழுக்கும் வரிதான். கூடுதல் செலவு சொற்பம்.

டப்பா மூடிகளின் குமிழ் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. உப்புக்கு ஒரு வடிவம், சர்க்கரைக்கு ஒரு வடிவம், ஊறுகாய்க்கு மாங்காய் வடிவம் என்று மாற்றினால், பார்வையற்றவர்கள் தடவிப் பார்த்தே எடுத்துக்கொள்வார்கள். கரண்ட் போன நேரத்தில் நமக்கும் உதவும். பிள்ளைகள் தட்டின் அடியில் ஒரு யானையை அமுக்கி வையுங்கள். சாதத்தைச் சாப்பிட்டு முடித்தால்தான் யானை தெரியும். ஆனால் கோடுகள் ஆழமாக இருக்கக் கூடாது. அழுக்கு சேர்ந்தால் தேய்க்கிறவருக்குத்தான் சிரமம். பிறகு, குக்கர் விசில். பருப்புக்கு ஒன்று, சாதத்துக்கு ஒன்று என்று இரண்டு குக்கர் வைக்கிற வீட்டில், அடித்தது எந்த விசில் என்று கூடத்திலிருந்து தெரியாது. இரண்டுக்கும் இரண்டு சுரம் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! ஆனால் விசிலடிக்கும் அந்த வெயிட் என்பது அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு உறுப்பு. வீட்டில் யாரும் அதில் கைவைக்கக் கூடாது. கம்பெனிகள் தங்கள் பரிசோதனைக் கூடத்தில் செய்து தர வேண்டிய வேலை இது.

யார் என்ன செய்யலாம்

பட்டறைக்காரர்கள் என்னிடம் சொல்லும் தயக்கம் நியாயமானது: “புதுசா ஒண்ணு செஞ்சா அடுத்த மாசமே பக்கத்துப் பட்டறையில அதே மாதிரி வந்துரும்.” இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வடிவமைப்புச் சட்டம், 2000-ன் கீழ் ஒரு பொருளின் புதிய தோற்றத்தைப் பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு. பின் 5 ஆண்டு நீட்டிக்கலாம். சந்தைக்கு விடுவதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வடிவத்துக்குத்தான் இது. பொருள் இயங்கும் உத்தி புதிதென்றால் அதற்குக் காப்புரிமை தனி. பாத்திர வியாபாரிகள் சங்கங்கள் இந்தப் பதிவுக்கு உதவ ஓர் ஆளை நியமித்தால் சின்னப் பட்டறைகளுக்குத் தைரியம் வரும்.

காஞ்சிபுரத்தின் பெயரைத் தாங்கி, வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் இயங்கும் மத்தியக் கல்வி நிறுவனத்தின் பெயரிலேயே வடிவமைப்பும் உற்பத்தியும் இருக்கின்றன. அங்கே படிக்கும் மாணவர்கள் ஒரு பருவம் பாத்திரப் பட்டறையில் உட்கார்ந்தால் இரு தரப்புக்கும் லாபம். வட்டத் தகடு அச்சில் அழுந்திச் சட்டியாவதையும், கடைசலில் சுழன்று கழுத்து ஒடுங்குவதையும், பாலிஷ் சக்கரத்தில் முகம் தெரிவதையும் அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். எந்த வளைவை அந்த எந்திரத்தில் செய்ய முடியும், எது முடியாது என்று தெரிந்தபின் வரையும் படம்தான் பொருளாகும்.

கடைக்காரர்களும் மாற வேண்டும். உலோகத்துக்குக் கிலோ விலை இருக்கட்டும். யோசித்துச் செய்த பாத்திரத்தைத் தனி அலமாரியில் வைத்து, தனி விலை எழுதி, ஏன் அந்த விலை என்று எடுத்துச் சொல்லி விற்போம். என் கடையில் அப்படி ஓர் அலமாரி வைத்திருக்கிறேன். எடுத்துச் சொன்னால் வாங்குகிறார்கள்.

கடைசியாக, வாங்குகிறவர்களுக்கு. கல்யாணச் சீருக்கோ, புதுக் குடித்தனத்துக்கோ பாத்திரம் எடுக்கப் போனால், தட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, மெதுவாக ஊற்றிப் பாருங்கள். நிறைத்துத் தூக்கிப் பாருங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் அவரையும் கூட்டிப்போய் அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். ஊற்றிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.